பேசாதார் பொருட்டு

நோயுற்ற ஒருவர், தமக்கு நேர்வதை வாய்விட்டுச் சொல்ல இயலாதவராக இருப்பின், அவருடைய விருப்பத்தை மருத்துவர் முன்னும் அதிகாரிகள் முன்னும் எடுத்துரைப்பவர் யார்? இங்கிலாந்தில் ஒரு மனிதரின் வாழ்வில் எழுந்த இக்கேள்வி, ஏழு ஆண்டுகள் நீதிமன்றங்களில் வழக்காக நடந்தது. புதிய சட்டங்கள் பிறக்கவும் துணைபுரிந்தது. அவ்வரலாற்றையும், அதே கேள்வி தமிழ்நாட்டில் பெருந்துயரத்தின் நடுவே எழுந்ததையும் இப்பாடம் விளக்குகிறது.

மன்றத்தில் ஒரு குரல்

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக்காலில் இடும்படி ஆணையிட்டான். தமக்காக வாதாடும் வயது அச்சிறுவர்களுக்கு இல்லை. யானையைக் கண்டதும் அதுவரை அழுதுகொண்டிருந்ததையும் மறந்தனர். கூடியிருந்த புதிய மனிதர்களைப் பார்த்து மிரண்டு நின்றனர். அவ்வேளையில் கோவூர்கிழார் என்னும் புலவர் மன்னன்முன் நின்று அவர்களுக்காகப் பேசினார். புறநானூற்றின் 46ஆம் பாடல் அவ்வாறு பிறந்தது. அப்பாடல் சிறுவர்களின் உயிரைக் காத்தது என்று அதன் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். சிறுவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள் என்பதற்காக, அவர்கள் தம் சாவுக்கு உடன்பட்டார்கள் என்று எவரும் கொள்ளமாட்டார். அடுத்து, கோவூர்கிழார் அம்மன்றத்தில் தீர்ப்பு வழங்கும் நிலையில் இல்லை. சிறுவர்கள் யாவர் என்பதையும் அவர்களது நிலை என்ன என்பதையும் மன்னன் கண்முன் நிறுத்திவிட்டு, முடிவை அவனிடமே விட்டுவிட்டார். அமைதியை இசைவு எனக் கொள்ளாமையும், பிறருக்காக முடிவெடுக்காமல் அவருக்காகப் பேசுவதும் ஆகிய இவ்விரண்டும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் மருத்துவமனை ஒன்றில் பெருஞ்சிக்கலாக உருவெடுத்தன.

பகல்நேர மையத்தில் ஒரு நாள்

இலண்டனுக்குத் தென்மேற்கே உள்ள சர்ரே மாவட்டத்தில் போர்ன்வுட் என்னும் மருத்துவமனை இருந்தது. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடும் கொண்ட ஒருவர் அங்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவந்தார். அவரால் பேச இயலாது. நீதிமன்ற ஆவணங்கள் அவரை 'எச்.எல்.' என்னும் இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடுகின்றன.

1994ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எச்.எல்., மருத்துவமனையிலிருந்து ஒரு குடும்பத்தாரின் இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். அதற்கென ஊதியம் பெற்று அவரைப் பராமரிக்க முன்வந்த கணவனும் மனைவியும் அவரைத் தம் வீட்டில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டனர். முகக்குறிப்பையும் உடலசைவையும் கொண்டே அவருடைய பசியையும் மகிழ்ச்சியையும் எரிச்சலையும் அறிந்துகொள்ளப் பழகினர். நாற்பது வயதைக் கடந்த பின்னர் அவருக்கு வீடு என ஒன்று வாய்த்தது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வாழ்க்கை தொடர்ந்தது.

1997 ஜூலை 22 அன்று, வழக்கமாகச் செல்லும் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் எச்.எல். கடும் பதற்றத்திற்கு உள்ளானார். தம் தலையில் தாமே குத்திக்கொண்டார். சுவரில் தலையை மோதினார். மையத்தினர் பராமரிப்பாளர்களைத் தொடர்புகொள்ள முயன்றும் இயலவில்லை. மருத்துவர் ஒருவர் வந்து அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்தார். பதற்றம் மீண்டும் எழவே, அவர் ஆம்புலன்சில் ஏற்றப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அன்று மாலை அவர் வீடு திரும்பவில்லை. முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, விட்டு நீங்கிய அதே போர்ன்வுட் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மீண்டும் சேர்க்கப்பட்டார்.

மனநோயாளி ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாக மருத்துவமனையில் வைத்திருப்பதற்கு இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சில நெறிமுறைகளை வகுத்திருந்தது. மருத்துவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கால வரம்பு உண்டு, தீர்ப்பாயத்தில் முறையிடலாம், நெருங்கிய உறவினர் மறுப்புத் தெரிவிக்கலாம். எச்.எல்.லுக்கு இச்சட்டத்தைப் பயன்படுத்தத் தேவையில்லை என்று மருத்துவர்கள் கருதினர். அதற்கு அவர்கள் கூறிய காரணம் எளியது: அவர் எதிர்க்கவில்லை; வெளியேற முயலவில்லை. எனவே, அவர் தம் இசைவோடு தங்கியிருக்கும் நோயாளிகளின் வரிசையில் வைக்கப்பட்டார்.

பராமரிப்பாளர்கள் அவரைப் பார்க்க விரும்பினர். மருத்துவமனை அதற்கு இடந்தரவில்லை. அவர்களைக் காணும் ஒவ்வொரு முறையும் தம்மை வீட்டுக்கு அழைத்துச்செல்லவே வந்துள்ளனர் என்று எச்.எல். எண்ணிவிடுவார் என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கம். பேச இயலாத அம்மனிதரின் விருப்பம் என்ன என்பதை இவ்விளக்கமே வெளிப்படுத்திவிட்டது! அவர் எங்கே இருக்க விரும்பினார் என்பது மருத்துவமனைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அது கணக்கில் கொள்ளப்படவில்லை. மூன்று மாதங்களுக்கும் மேலாக அவருடைய முகக்குறிப்பைப் படிக்கத் தெரிந்த எவரும் அவரருகில் இல்லை.

இங்கே மருத்துவர்களைக் கொடியவர்களாகக் கருதிவிடுதல் எளிது, ஆனால் பொருந்தாது. அவர்கள் எச்.எல்.லின் நலத்தையே நாடினர். நலம் நாடுவோர் மட்டுமே சூழ்ந்திருக்க, விருப்பத்தைக் கேட்போர் எவரும் இல்லாத நிலையில் ஒரு மனிதருக்கு என்ன நேரும் என்பதே இவ்வழக்கு காட்டும் செய்தி.

ஏழாண்டு வழக்கு

எச்.எல்.லின் பொருட்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. 1997 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. அம்மாத இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மாறான முடிவை அறிவித்தது. எச்.எல். அடைத்துவைக்கப்பட்டிருந்தார் என்றும், அதற்குச் சட்டத்தின் துணை இல்லை என்றும் கூறியது. உடனே மருத்துவமனை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவரை முறைப்படி அடைத்துவைத்தது. இதில் ஒரு வியப்பு உள்ளது. முறைப்படி அடைக்கப்பட்ட பிறகே சட்டத்தின் பாதுகாப்புகள் அவருக்குக் கிடைத்தன. சில வாரங்களில், அதாவது டிசம்பர் மாதத்தில், அவர் தம் பராமரிப்பாளர்களின் வீட்டிற்குத் திரும்பினார். முரண்டுபிடிக்கும் நோயாளிக்கு உரிமைகள் உண்டு, அமைதியாக இருப்பவருக்கு இல்லை என்பதே அன்றைய நடைமுறையாக இருந்தது.

எச்.எல். வீடு திரும்பிய பின்னும் வழக்கு முடியவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பு நிலைக்குமானால், அவரைப் போன்ற ஏறத்தாழ 22,000 பேர் எந்நாளும் முறைப்படி அடைக்கப்பட்டவர்களாகக் கொள்ளப்பட வேண்டியிருக்கும் என்ற மதிப்பீடு பிரபுக்கள் அவையின்முன் வைக்கப்பட்டது. அந்நாளில் அந்நாட்டின் உச்ச நீதியமைப்பாக விளங்கியது அவ்வவையே. 1998 ஜூன் 25 அன்று ஐந்து நீதிபதிகளும் மருத்துவமனையின் செயல் சட்டப்படியானதே என முடிவுசெய்தனர். ஆனால், எச்.எல். அடைத்துவைக்கப்பட்டாரா என்ற கேள்வியில் அவர்கள் பிரிந்தனர். அவர் வெளியேற முயன்று தடுக்கப்பட்டிருந்தால்தான் அவ்வாறு கூற முடியும் என்றனர் மூவர். அவர் அடைத்துவைக்கப்பட்டிருந்தார் என்பதில் ஐயமே இல்லை என்றனர் மற்ற இருவர்; எனினும், அவரது நலம் கருதிய தேவை அதனை நியாயப்படுத்துகிறது என்று அவர்கள் கருதினர்.

வழக்கு பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திற்குச் சென்றது. 2004 அக்டோபர் 5 அன்று அந்நீதிமன்றம் எச்.எல்.லின் சார்பாகத் தீர்ப்பளித்தது. மருத்துவமனையினர் அவரைத் தொடர்ந்து கண்காணித்தனர். அவருடைய நடமாட்டத்தையும் எவருடன் தொடர்புகொள்வது என்பதையும் தாமே முடிவுசெய்தனர். எனவே, அவர் வெளியேற முயன்றாரா இல்லையா என்பது பொருட்டன்று. அவருடைய விடுதலை பறிக்கப்பட்டிருந்தது என்று நீதிபதிகள் கண்டனர். மற்றொரு குறையையும் அவர்கள் சுட்டினர். கட்டாயமாக அடைக்கப்படும் நோயாளிக்காக மறுப்புத் தெரிவிக்கவும் விண்ணப்பிக்கவும் ஒருவரை அமர்த்தச் சட்டம் வழிசெய்கிறது. தம் எண்ணத்தை வெளிப்படுத்தவே இயலாத ஒருவருக்கும் அத்தகைய ஒருவர் அதே அளவு இன்றியமையாதவர் அல்லரா? எச்.எல்.லுக்கு அப்படி எவரும் அமர்த்தப்படவில்லை.

தெரிந்து தெளிவோம்

பிரிட்டனின் தலைமை அமைச்சர் ஸ்பென்சர் பெர்சிவல் 1812இல் நாடாளுமன்ற வளாகத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய மகன் ஜான் பெர்சிவல் மனநோயுற்று, 1831 முதல் 1834 வரை மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்தார். நலம்பெற்று வெளியே வந்தபின் தாம் அங்கே பட்டவற்றை இரு நூல்களாக எழுதினார். 1845இல் தம்மைப் போன்ற சிலருடன் இணைந்து, பித்தர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரின் நண்பர்கள் என்னும் பொருள்படும் பெயரில் ஒரு சங்கத்தை நிறுவினார். மனநோயுற்றோருக்காக, அந்நோயைப் பட்டறிந்தவர்களே குரல்கொடுத்த தொடக்ககால அமைப்புகளுள் இது ஒன்று.

பரிந்துபேசுநரின் பணி

அட்வகேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன மூலத்திற்கு 'உதவிக்கு அழைக்கப்பட்டவர்' என்பது பொருள். நம் நாட்டில் அச்சொல் வழக்கறிஞரையே குறித்து நிற்கிறது. ஆனால், மருத்துவத்திலும் சமூகப் பராமரிப்பிலும் அச்சொல் குறிப்பவர் கறுப்பு அங்கி அணிந்தவர் அல்லர். அவரைப் பரிந்துபேசுநர் எனலாம்.

பிரிட்டன் நாடாளுமன்றம் 2005இல் மனத்திறன் சட்டத்தை இயற்றியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், சார்பற்ற பரிந்துபேசுநர் என்னும் பணியை உருவாக்கியது. முடிவெடுக்கும் திறன் இழந்த ஒருவருக்குப் பெரிய மருத்துவச் சிகிச்சை அளிக்க வேண்டியுள்ளது என்று கொள்வோம். அல்லது அவரை 28 நாள்களுக்கு மேல் மருத்துவமனையிலோ எட்டு வாரங்களுக்கு மேல் பராமரிப்பு இல்லத்திலோ தங்கவைக்க வேண்டியுள்ளது என்று கொள்வோம். அவரைப் பற்றிக் கலந்துபேசத் தக்க உறவினரோ நண்பரோ இல்லையெனில், பரிந்துபேசுநர் ஒருவரை அமர்த்துதல் கட்டாயம். அவர் நோயாளியைத் தனிமையில் சந்திக்கலாம். மருத்துவக் குறிப்புகளைப் பார்வையிடலாம். முடிவெடுப்போர் அவருடைய அறிக்கையைக் கருத்தில் கொண்டே தீரவேண்டும். ஆதரவற்றோருக்கென வகுக்கப்பட்ட இவ்வேற்பாடு எச்.எல்.லுக்கு நேர்ந்த நிலையை முழுவதும் தீர்க்கவில்லை. அவருக்குத்தான் பராமரிப்பாளர்கள் இருந்தனரே. அவரைப் போன்றோர் விடுதலை இழக்கும் நிலையில் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டு, 2009இல் நடைமுறைக்கு வந்தன. அவ்வாறு அடைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதிநிதி வேண்டும் என அவை விதித்தன.

பேசக்கூடிய ஒருவருக்காகப் பரிந்து பேசுதல் ஓரளவு எளிது. அவர் சொல்வதைக் கேட்டு, அவருக்குப் புரியாத மருத்துவச் சொற்களை விளக்கி, கூட்டத்தில் அவர் தயங்கும் இடத்தில் துணைநிற்க வேண்டும். அவருடைய விருப்பம் அறிவுடையதாகத் தோன்றாவிடினும் அதனைத் திருத்தாமல், குறைக்காமல் எடுத்துரைக்க வேண்டும். மூதாட்டி ஒருவர் படியேற இயலாத நிலையிலும் தம் மாடி வீட்டிற்கே திரும்ப விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் அவர் விழுந்துவிடுவார் என அஞ்சுவார். மகன் அலுவலக விடுப்பை எண்ணிக் கவலைப்படுவார். மருத்துவமனை நிர்வாகம் படுக்கை எப்போது காலியாகும் என்று பார்க்கும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் நியாயம் உண்டு. அவர் வீட்டிற்குச் செல்லவே விரும்புகிறார், அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்க மட்டும் எவரும் இல்லை. அக்கேள்வியைக் கேட்பவரே பரிந்துபேசுநர். தமக்கு எது நல்லதெனத் தோன்றுகிறது என்பதை அவர் அங்கே பேசுவதில்லை. பயிற்சியில் கடினமானது இவ்வடக்கமே. இரக்கமுள்ள மனிதருக்கு அது மேலும் கடினம்.

பேச இயலாதவருக்காகப் பேசுதல் வேறு வகைத் திறனைக் கோருவது. பரிந்துபேசுநர் பன்முறை சென்று அமர்கிறார். எந்தக் குரலைக் கேட்டதும் அவர் முகம் மலர்கிறது? எந்த அறைக்குள் நுழையும்போது உடல் இறுகுகிறது? உணவை ஒருவர் ஊட்டும்போது உண்டு, மற்றொருவர் ஊட்டும்போது ஏன் துப்புகிறார்? பழைய ஒளிப்படங்கள், முன்பு பராமரித்தவர்களின் நினைவுகள், கோப்பின் ஓரத்தில் செவிலியர் என்றோ எழுதிவைத்த ஒரு வரி ஆகியவற்றைக் கொண்டு அம்மனிதரின் விருப்பு வெறுப்புகளை ஒருவாறு வரைந்துகொள்கிறார். எவ்வளவு முயன்றாலும் அது ஊகமே. ஆகவே, அவர் உறுதியாகச் சொல்வதைவிட மிகுதியாகக் கேள்வி கேட்கிறார்: இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி உண்டா? ஏன் இன்றே முடிவெடுக்க வேண்டும்? எச்.எல்.லை முகம்பார்த்து அறிந்தவர்கள் 1997 ஜூலை மாதத்தில் அம்மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்தால், இக்கேள்விகள் முதல் வாரத்திலேயே கேட்கப்பட்டிருக்கும்.

பரிந்துபேசுநரின் சார்பின்மை பெரிதும் வலியுறுத்தப்படுவதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனையின் ஊழியர் தம் நிறுவனத்தை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. உறவினர் அன்புடையவராக இருப்பினும், களைப்பும் கடனும் ஊரார் பேச்சும் அவர் முடிவில் கலந்துவிடும். இருவரையும் நீக்கிவிட வேண்டும் என்பதன்று. இருவரும் பேசும் அறையில் மூன்றாவதாக ஒருவர், நோயாளிக்கு மட்டுமே கடப்பாடு உடையவராக இருத்தல் வேண்டும்.

ஏர்வாடியும் அதன் பின்னும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஏர்வாடி தர்காவிற்கு மனநோயுற்றோரை அழைத்துவருதல் நெடுங்கால வழக்கம். இறையருளால் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல சமயத்தாரும் அங்கு வந்தனர். அதனைச் சூழ்ந்து தனியார் நடத்திய காப்பகங்கள் பல தோன்றின. உறவினர் பலர் பணம் கட்டி நோயாளிகளை அங்கே விட்டுச்சென்றனர். காப்பகங்களில் சங்கிலியால் பிணைப்பது வழக்கமாயிருந்தது.

2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் அக்காப்பகங்களுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர்.

சங்கிலி அங்கே மறைவாக இருந்ததன்று. வழிபட வந்தோர் கண்டனர், ஊரார் கண்டனர். பிணைக்கப்பட்டவர்களும் வாய்பேசாதவர்கள் அல்லர். அவர்கள் கத்தினர், அழுதனர், வீட்டுக்குப் போக வேண்டும் என்றனர். மனநோயாளியின் பேச்சு என்பதனாலேயே அது பேச்சாக எண்ணப்படவில்லை. எச்.எல்.லின் அமைதி இசைவாகக் கொள்ளப்பட்டது. ஏர்வாடியில் எழுந்த ஓலம் நோயின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. இரண்டு இடங்களிலும் கேட்கும் செவி இல்லை.

அப்போது இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. மறு ஆண்டே இந்தியா அதனை ஏற்று உறுதிசெய்தமையால், பழைய சட்டத்தை மாற்ற வேண்டிய கடமை எழுந்தது. அவ்வகையில் வந்ததே மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. மனநோயுற்றோரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலாகாது என்று அது வெளிப்படையாகத் தடைசெய்கிறது. இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. தமக்கு அளிக்கப்படும் சிகிச்சையைக் குறித்து முறையிட மனநல மறு ஆய்வு வாரியங்களை அமைக்கச் சொல்கிறது. நலமாக உள்ள காலத்திலேயே, தாம் நோயுற்றால் எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை எழுதிவைக்கும் முன்கூட்டிய அறிவுறுத்தலுக்கும் இடந்தருகிறது.

இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமானது இச்சட்டத்தின் 14ஆம் பிரிவு. வயதுவந்த ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம் என்கிறது அது. அப்பிரதிநிதி, நோயாளியின் இப்போதைய விருப்பத்தையும் முன்னைய விருப்பத்தையும் அவருடைய வாழ்க்கைச் சூழலையும் கருத்தில் கொண்டு செயல்பட வேண்டும். உறவினரைத்தான் நியமிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நண்பராகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். நோயாளி எவரையும் நியமிக்காதபோதுதான் உறவினர், பராமரிப்பாளர், வாரியம் அமர்த்தும் தகுதியுடைய ஒருவர் என வரிசை செல்கிறது. எவருமே இல்லாதவருக்குச் சமூகநலத் துறையின் இயக்குநரை வாரியம் பிரதிநிதியாக்க வேண்டும். தெருவில் கண்டெடுக்கப்பட்டு, பெயரும் ஊரும் அறியப்படாமல் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர்க்கும் சட்டத்தின் முன் பேச ஒருவர் உண்டு என்பது இதன் பொருள்.

ஏட்டில் உள்ள இவ்வுரிமை இன்னும் பெரும்பாலோர் செவிக்கு எட்டவில்லை. மனநலச் சிகிச்சைக்கு வருவோருள் பலர், குடும்பத்தார் சொல்வதே முடிவு என்று எண்ணியே வருகின்றனர். இப்பிரிவைப் பயன்படுத்த முத்திரைத்தாள் வேண்டா; வழக்கறிஞர் வேண்டா. நியமனத்தை வெள்ளைத்தாளில் எழுதினால் போதும் என்கிறது சட்டம். எழுதியவர் விரும்பினால் எந்நேரமும் அதனை மாற்றிக்கொள்ளலாம். கையெழுத்திடத் தெரியாதவர் அத்தாளில் தம் பெருவிரல் ரேகையை வைக்கலாம்.